மூன்று ட்யூப், முப்பது அட்டை

அக்காவின் கல்யாணம் முடிந்த மறுவாரம் என் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தாள். கூடமாட நின்று வேலை பார்த்தவர்கள் முப்பது பேரின் பெயர்கள். "எல்லாருக்கும் ஒரு நன்றி அட்டை அனுப்பணும். வாங்கி அனுப்பினா நல்லா இருக்காது. நீதான் வரைவியே" என்றாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அதுவரை நான் ஒரு நேரத்தில் ஒரு அட்டைதான் செய்திருக்கிறேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து, இருக்கிற 24 நீர்வண்ண ட்யூபையும் திறந்து வைத்துக்கொண்டு, தோன்றிய நிறத்தையெல்லாம் பூசிவிடுவேன். வாங்கிக்கொள்பவர்களும் "அட, கையால செஞ்சதா!" என்று சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் அட்டை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். எனக்கும்தான்.

முப்பது அட்டைக்கும் ஒரே படம் என்று முடிவு செய்தேன். ஒரு கொடி, அதில் சில பூக்கள், இரண்டு குருவிகள். முதல் அட்டை அழகாக வந்தது. எண்ணிப் பார்த்தால் அதில் பதினொரு நிறம். இரண்டாவதும் பரவாயில்லை. நான்காவதில் பூவின் ஊதா வேறு எதுவாகவோ மாறியிருந்தது. ஏழாவதை முடித்துவிட்டு எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டியவை ஒன்றுவிட்ட சொந்தங்கள் மாதிரி கிடந்தன. ஒரு சாயல் இருக்கிறது, ஆனால் அதே முகம் இல்லை.

காரணம் எளிமையானது. நீர்வண்ணத்தில் ஒரு நிறத்தைக் கலக்கும்போது இரண்டு சாயம், தண்ணீர் என்று மூன்று அளவுகளைக் கண்ணால் நிதானிக்கிறோம். பதினொரு நிறத்துக்கும் அதைச் செய்து, மறுநாள் அதையே திரும்பச் செய்ய வேண்டும். போதாததற்கு, நீர்வண்ணம் ஈரமாக இருக்கும்போது ஒரு அடர்த்தி, காய்ந்தபின் அதைவிட வெளிறி வேறொரு அடர்த்தி. நேற்றைய காய்ந்த ஊதாவைப் பார்த்து இன்றைய ஈர ஊதாவைக் கலந்தால் எப்படிப் பொருந்தும்? நிறத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நான் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். அழகுணர்ச்சிக்கெல்லாம் இதில் வேலையே இல்லை. சோம்பேறித்தனத்துக்குக் கொஞ்சம் இருந்தது.

ஏழு அட்டையையும் ஒதுக்கிவிட்டு மூன்றே ட்யூப் போதும் என்று உட்கார்ந்தேன். எந்த மூன்று? பள்ளிக்கூடத்தில் படித்தது சிவப்பு, மஞ்சள், நீலம். ஒரு பளிச் மஞ்சள், ஒரு பளிச் இளஞ்சிவப்பு, ஒரு பளிச் நீலம் எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது, இது ஏமாற்று வேலை என்று. இந்த மூன்றிலிருந்து ஏறக்குறைய எல்லா நிறமும் வந்துவிடும். கிளிப்பச்சை வேண்டுமா, வரும். ஊதா, ஆரஞ்சு எல்லாம் வரும். கையில் மூன்று ட்யூப்தான், தட்டிலோ பழையபடி பதினொரு நிறம். ட்யூபின் எண்ணிக்கையைக் குறைத்தேனே தவிர நிறத்தைக் குறைக்கவில்லை.

அதற்கப்புறம் ட்யூபைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. இந்த மூன்றை வைத்து என்னவெல்லாம் வரும் என்று இப்போது பார்ப்பதில்லை. என்னவெல்லாம் வராது என்று பார்க்கிறேன். வராத நிறங்கள்தான் ஒரு தொகுப்புக்கு முகத்தைக் கொடுக்கின்றன என்பது என் கட்சி.

கடைசியில் எடுத்துக்கொண்டவை அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செங்காவி, யெல்லோ ஓக்கர் என்ற மங்கல் மஞ்சள். இந்த மூன்றை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் கிளிப்பச்சை வராது. ரோஜா நிறம் வராது. பளிச் ஊதா வராது. நீலத்தையும் மங்கல் மஞ்சளையும் கலந்தால் காய்ந்த பாசி மாதிரி ஒரு பச்சை வரும். கொடிக்கு அது போதும். உண்மையில் கொடிகள் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன, நாம்தான் கிளிப்பச்சையில் வரைந்து பழகிவிட்டோம்.

இந்தத் தொகுப்பின் உயிர் முதல் இரண்டு ட்யூபில்தான் இருக்கிறது. செங்காவி என்பது அடிப்படையில் மங்கிய ஆரஞ்சு. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறவட்டத்தில் நீலத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்களைக் கலந்தால் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பலாகிவிடும். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல், காவி தூக்கலாக இருந்தால் பழைய மரப்பலகையின் சாம்பல். இரண்டையும் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. ட்யூபிலிருந்து நேராக வரும் கறுப்பை அட்டையில் வைத்தால் ஓட்டை போட்ட மாதிரி தெரியும். இந்தக் கறுப்பு அப்படித் தெரிவதில்லை, பக்கத்தில் இருக்கும் மற்ற நிறங்களின் ரத்தம் அதிலும் ஓடுவதால்.

சாம்பல் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறொரு சமயம் செங்காவியும் கறுப்பும் மட்டும் வைத்து ஒரு அட்டை செய்தேன். பின்னணி முழுக்கக் காவி, நடுவில் ஒரு குருவி. குருவிக்குக் கறுப்பில் தண்ணீர் சேர்த்து வெறும் சாம்பல்தான் பூசினேன். அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த நீலம் நல்லா இருக்கே" என்றாள். நீலமே இல்லை என்றேன். நம்பவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் குருவி அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றியிருந்த காவியை மறைத்துக் காட்டினேன். வெறும் சாம்பல். தாளை எடுத்தால் மறுபடி நீலம். தாளை வைத்தும் எடுத்தும் நாலைந்து தடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை முறையாக ஆராய்ந்தவர் மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸின் கோப்லன் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்யும்போதுதான் அந்தக் கறுப்பு சோகையாகத் தெரிந்தது. குற்றம் பக்கத்து வீட்டுக்காரனுடையது! ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளிவிடுகிறது என்பதை 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். அட்டை செய்பவருக்கு இதனால் என்ன லாபம் என்றால், வாங்காத ஒரு ட்யூப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆரஞ்சின் பக்கத்தில் சாம்பல் வைத்தால் நீலம் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் ஓவியர்கள் சொல்லும் நான்கு நிறத் தொகுப்பில் நீலமே கிடையாது. வெள்ளை, மங்கல் மஞ்சள், ஒரு சிவப்பு, கறுப்பு. நீலம் வர வேண்டிய இடத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் வேலை செய்துவிடுகிறது.

ஆனால் ஒன்று. நிறத்தின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அட்டை தோற்றுப்போகும். இதை எனக்குப் புரியவைத்தவர் மாமா. ஒரு தடவை அவருடைய பிறந்தநாளுக்கு இரண்டே நிறத்தில் அட்டை செய்திருந்தேன். இலைப் பச்சைப் பின்னணி, அதன்மேல் சிவப்பில் பெரிய எழுத்து. எனக்கு ரொம்பப் பெருமை. மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கும்மா. வாழ்த்து எதுவும் எழுதலையா?" என்றார். அவருக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இப்படி இருப்பதாகக் கணக்கு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்த வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து அந்த அட்டையை எடுத்திருந்த போட்டோவைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வாழ்த்து காணாமல் போயிருந்தது. பச்சையும் சிவப்பும் ஒரே அளவு சாம்பல். நிறம் வேறு, வெளிச்சம் ஒன்று. மாமாவுக்கு மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. நல்ல கண் உள்ளவர்களுக்கும் அப்படிப்பட்ட எழுத்து ஓரங்களில் துடிப்பது போலத் தெரியும், படிக்கக் கூசும். அன்றிலிருந்து எந்த அட்டையையும் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் யோசிக்கிறேன். பென்சிலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் படம், அதில் மூன்றே நிலை: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கரும்பென்சில். அதில் எடுபடாத அட்டை எந்த நிறத்திலும் எடுபடாது. பூசி முடித்ததும் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். எழுத்து அப்போதும் எழுந்து நிற்க வேண்டும்.

நிறம் குறைவாக இருந்தால் இது தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. பூவையும் இலையையும் பிரித்துக்காட்ட வேறொரு ட்யூப் இல்லாதபோது, ஒன்றை வெளிச்சமாகவும் மற்றதை இருட்டாகவும் வைத்துத்தானே பிரிக்க முடியும்.

எந்தத் தொகுப்பாக இருந்தாலும் வேலையைத் தொடங்குமுன் ஒரு மாதிரித் தாள் போட்டுக்கொள்கிறேன். மூன்று ட்யூப் என்றால் மூன்று ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் மூன்று கலவைகள்: இது கூடுதல், சரிபாதி, அது கூடுதல். ஆக ஒன்பது. தனி நிறம் மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கெட்டியாக, நடுத்தரமாக, நீர்க்க என்று மூன்று விதமாகப் பூசினால் 36 கட்டம். ஒரு மாலை நேர வேலை. மூன்று ட்யூபுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று முதல் தடவை திகைத்துப்போனேன். பிறகு செய்ய வேண்டியது இன்னும் கஷ்டமானது. அந்த 36இல் நான்கையோ ஐந்தையோ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டும். அந்த ஐந்துதான் அட்டையின் நிறங்கள். ஐந்தையும் சம அளவில் பூசினால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒன்று பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு துணைக்கு நிற்க வேண்டும், மிகவும் பளிச்சென்று இருப்பது ஒரு பொட்டு அளவில் இருக்க வேண்டும். என் குருவி அட்டையில் கலப்பில்லாத செங்காவி அலகிலும் ஒரே ஒரு மொட்டிலும்தான் வருகிறது.

இந்தக் கணக்கில் தாளைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பதே தாள்தான். தந்த நிறத் தாள் எடுத்தால் எல்லா நிறமும் ஒரு சுற்று வெதுவெதுப்பாகும், நீலம் மட்டும் கொஞ்சம் அடங்கிப்போகும். பழுப்புத் தாளில் நீர்வண்ணம் பூசினால் உறிஞ்சிக்கொண்டு ஒன்றுமே தெரியாது. அதற்கு கோவாஷ் மாதிரி ஒளிபுகாத வண்ணம் வேண்டும். அதிலும் ஒரு தொல்லை, வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்று இருளும், இருண்டவை சற்று வெளிறும். பழுப்புத் தாளும் வெள்ளை கோவாஷும் மட்டும் வைத்து நிறைய அட்டைகள் செய்திருக்கிறேன். இரண்டே நிறம், அதில் ஒன்று தாள். துக்கம் விசாரித்து எழுதும் அட்டைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

உறையும் ஒரு நிறம்தான். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அதுதானே. ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர். அதற்கு 114க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறை சரியாக இருக்கும். உறை எந்த நிறத்தில் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அட்டையைத் தொடங்குவது நல்லது. நான் தலைகீழாகச் செய்து, பாசிப் பச்சை அட்டைகளை ஆரஞ்சு உறைகளில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தாளைப் பற்றி இன்னும் ஒன்று. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளை அப்படியே கையால் மடித்தால் மடிப்பில் வெடிக்கும், குறிப்பாக இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்தால். முன்பக்கம் நிறம் பூசியிருந்தால் அந்த வெடிப்பு வெள்ளைக் கோடாகப் பல்லைக் காட்டும். முனை மழுங்கிய ஏதாவதொன்றை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, பள்ளம் விழுந்தபின் மடிக்க வேண்டும். மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் இடம் நிறமில்லாமல் விட்டுவிட்டால் கவலையே இல்லை.

தங்க நிற ஜெல் பேனா பற்றியும் ஜிகினா பற்றியும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அடக்கமாக நான்கு நிறம் வைத்துச் செய்த அட்டையில் கடைசி நிமிஷம் தங்கக் கோடு இழுப்பது, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சில் ஒருவர் மேஜையைத் தட்டுகிற மாதிரி. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஜிகினாவைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை இல்லை. அது அட்டையில் இருப்பதைவிட என் முழங்கையில் அதிக நாள் இருக்கிறது.

குறைந்த நிறத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் தோழி ஒருத்திக்கு, பளிச்சென்ற ஒரு ரோஜா நிறமும் நீலமும் மட்டும் வைத்து ஊதாப் பூக்கள் வரைந்து கொடுத்தேன். அவள் அதை ஜன்னலோரம் மாட்டி வைத்திருந்தாள். சமீபத்தில் போனபோது பார்த்தால் பூக்களெல்லாம் நீலமாகியிருந்தன. ரோஜா நிறம் வெயிலில் பறந்துபோய்விட்டது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. பதினொரு நிறம் இருந்திருந்தால் ஒன்று வெளிறியதை மற்ற பத்தும் மறைத்திருக்கும். இரண்டே நிறத்தில் ஒன்று போனால் பாதி அட்டை போச்சு. "எனக்கு நீலமும் பிடிக்கும்" என்று தோழி சமாதானம் சொன்னாள். அதிலிருந்து ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொண்டேன். அல்ட்ராமரைனுக்குப் பிபி 29, மங்கல் மஞ்சளுக்கு பெரும்பாலும் பிஒய் 43 அல்லது பிஒய் 42. இந்தக் காவி நிறங்கள் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகின்றன. குகைச் சுவர்களில் பல்லாயிரம் வருஷமாகத் தாக்குப்பிடித்தவை, ஜன்னலோரத்துக்கு அசையாது.

சரி, முப்பது அட்டைக்கு வருகிறேன். 1843இல் ஹென்றி கோல் என்ற ஆங்கிலேயர், எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையவைத்தார். அச்சில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகச் சொல்லப்படுவது அது. ஏறக்குறைய ஆயிரம் படிகள். கோடுகளைக் கல்லச்சில் அடித்துவிட்டு நிறத்தைக் கையால் பூசினார்கள். ஆயிரத்துக்கும் கையால்! ஏழாவதிலேயே மூச்சு வாங்கிய எனக்கு, அந்தத் தூரிகையைப் பிடித்தவர் மேல்தான் கண் போகிறது.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். அட்டை அட்டையாக முடிக்காமல் நிறம் நிறமாக முடிப்பது. முதலில் முப்பதுக்கும் பென்சில் கோடு. பிறகு பாசிப் பச்சையை மூடி போட்ட ஒரு சின்னப் பாட்டிலில் முப்பதுக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கலந்து வைத்துக்கொண்டு, வரிசையாக எல்லா இலைகளும். முப்பதாவது முடிவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும், அடுத்த பாட்டிலைத் திறக்கலாம். நான்கு பாட்டில், நான்கு சாயங்காலம்.

மூன்றாவது சாயங்காலம் குருவிகளின் முறை. நீலமும் காவியும் கலந்த சாம்பல் பாட்டில். பன்னிரண்டு குருவி வரை பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். முதல் குருவி மேகம் மாதிரி நீலம் பாரித்திருந்தது, பன்னிரண்டாவது லேசாகப் பழுப்பேறியிருந்தது. கலவை பாட்டிலுக்குள் பிரிந்து காவி அடியில் தங்கிவிட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை தூரிகையை நனைக்கும் முன்னும் கலக்கிவிட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நீலக் குருவிகள் மேல் நீர்க்கக் கரைத்த காவியை ஒரு தடவை ஓட்டி ஒருவழியாகச் சமாளித்தேன். மீதியை எழுதி முடித்து, உறையில் போட்டு, அக்காவிடம் கட்டாகக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான், பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. பாட்டில்களில் அடிமண்டிதான் இருந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அந்த மிச்சத்தில் முப்பத்தியோராவது அட்டையைச் செய்து கொடுத்தேன். அவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். எப்போதாவது எடுத்துப் பார்ப்பாள். "எல்லாருக்கும் சாம்பல் குருவி அனுப்பிட்டு எனக்கு மட்டும் ஏண்டி காவிக் குருவி?" என்று கேட்பாள்.